படுத்த எட்டு

ஆவாரங்காட்டுப்புதூர் பூங்காவை ஒன்றரை வருஷம் தகரம் அடித்து மூடி வைத்திருந்தார்கள். உள்ளே என்னதான் நடக்கிறது என்று சந்து வழியாக எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரு மண்மேடும், கலவை இயந்திரமும், அதன் நிழலில் வாயைப் பிளந்து தூங்குகிற மேஸ்திரியும் மட்டுமே தெரிந்து, இனி இது திறக்கப்போவதில்லை என்று ஊரே கைகழுவிவிட்ட பிறகு, ஒரு தை மாத வெள்ளிக்கிழமை காலையில் தகரம் பிரிந்தது. பிரித்துப் பார்த்தால் பச்சைப் புல்தரை, கீழே விழுந்தாலும் முழங்கால் சிராய்க்காத ரப்பர் தரை, ஆறு ஊஞ்சல், யானையின் வாய் வழியாக இறங்குகிற சறுக்குமரம், தண்ணீர் வராத நீரூற்று, எல்லாவற்றுக்கும் நடுவில் சாம்பலும் சிவப்புமாகக் கல் பதித்த எட்டு நடைப் பாதை.

எட்டுப் பாதை இல்லாமல் இப்போதெல்லாம் யாரும் பூங்கா கட்டுவதில்லை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மூட்டு வலிக்கும் எட்டுப் போட்டு நடந்தால் போதும் என்று பாதிப் பேர் நம்புகிறார்கள், மீதிப் பேர் நம்பாமலே நடக்கிறார்கள். அந்த எட்டு தெற்கு வடக்காகத்தான் இருக்க வேண்டும் என்பது நடக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், கான்ட்ராக்டருக்கும் தெரியும், வரைபடத்திலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கோடு போட வந்த அந்தத் தூங்குமூஞ்சி மேஸ்திரி, வெயில் கண்ணில் அடிக்கிறதென்று திரும்பி உட்கார்ந்து, வரைபடத்தைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்பைத் தூவிவிட்டார். நிற்க வேண்டிய எட்டு கிழக்கு மேற்காகப் படுத்துவிட்டது. பக்கத்தில் 'தெற்கிலிருந்து வடக்காக நடக்கவும்' என்ற பலகை மட்டும் சரியாக நின்றது. அதன் பேச்சைக் கேட்டால் இரண்டாவது அடியில் செம்பருத்திப் புதருக்குள் போய் விழ வேண்டியதுதான்.

அதிசயம் முதலில் தெரிந்தது ஒரு மொட்டைத் தலையில். பழனியில் முடி இறக்கிவிட்டு, தலையில் பூசிய சந்தனம் காய்வதற்குள் நேராகப் பூங்காவுக்கு வந்திறங்கிய ஒரு குடும்பத்தின் பெண் குழந்தை, பெரியவர்கள் சுண்டல் தின்று முடிப்பதற்குள் அந்த எட்டில் ஓடு ஓடென்று ஓடியது. திரும்பி வந்தபோது அதன் தலையில் கால் அங்குலத்துக்கு முடி இருந்தது. தாய்க்காரி தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, சாமிக்குக் குடுத்தது திரும்பி வந்துருச்சுங்களே, இன்னொருக்காப் போகோணுமா?" என்று புருஷனைக் கேட்டாளே தவிர, எப்படி வந்தது என்று கேட்கவில்லை. குழந்தை எத்தனை சுற்று ஓடியது என்று எண்ணிக்கொண்டிருந்த காவலாளி ராயப்பன்தான் விரலை மடக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார், ஒரு சுற்றுக்கு ஒரு நாள் கழிகிறது என்று.

கழிகிறது என்று தெரிந்த பிறகு கழிக்க வேண்டிய நாள் வைத்திருந்தவர்களெல்லாம் வரத் தொடங்கினார்கள். கையில் மாவுக்கட்டுப் போட்டவர்கள் நாற்பத்தைந்து சுற்று நடந்து, கட்டை வாசலிலேயே வெட்டிப் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு போனார்கள். நாள் தள்ளிப்போன பிள்ளைத்தாய்ச்சிகள் மாமியார் பின்னால் வர மூன்று சுற்று நடந்து, நாலாவது சுற்றுக்குள் ஆட்டோ பிடித்தார்கள். நீரூற்றுக்கு எதிரே கடை வைத்திருந்த முடிதிருத்துபவர் இரண்டாவதாக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார். ஆடி மாதம் பிறந்துவிட்ட பாவத்துக்காகப் பள்ளியில் இடம் கிடைக்காத பிள்ளைகளை இருபது சுற்று ஓடவிட்டுக் கூட்டிக்கொண்டு போன தாய்மார்களிடம் தலைமையாசிரியை, "உடம்புக்கு வயசாச்சுங்க, சான்றிதழுக்கு ஆகலியே" என்று திருப்பி அனுப்பினார். பின்பக்கமாக நடந்தால் இளமை திரும்புமென்று ஒருவர் நடந்து பார்த்ததில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். வயதானவர்கள் மட்டும் அந்தக் கல்லில் கால் படாமல் புல்லோரமாகவே நடந்தார்கள். அவர்களுக்குக் கழிப்பதற்கு மனம் வரவில்லை. நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. 'ஒரு சுற்று நடந்தால் ஒரு நாள் கழியும். கழிந்த நாட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ஒரு பலகை வைத்தது, ஊர்க்காரர்கள் அதைச் செருப்பைப் பற்றிய அறிவிப்பைப் போல ஒரு தடவை படித்துவிட்டு மறந்துபோனார்கள்.

இன்னொன்றும் இருந்தது. தனியாக நடந்தால் நகமும் முடியும் வளர்வதோடு சரி, அந்த நாளில் வேறு ஒன்றும் இருக்காது. கை கோத்துக்கொண்டு நடந்தால்தான் நாளுக்குள் நாள் இருந்தது. ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத இரண்டு ஓரகத்திகள், கூட்டத்தில் தடுமாறி ஒருத்தி கையை ஒருத்தி பிடித்தவர்கள், விட்டால் மற்றவள் ஏதாவது நினைத்துக்கொள்வாள் என்ற வீம்பில் விடாமலே பத்துச் சுற்று நடந்து, ஒரே வீட்டில் பத்து நாள் குடியிருந்தவர்களாக வெளியே வந்தார்கள். அதற்குள் மூன்று சண்டை போட்டு, இரண்டில் சமாதானமாகி, சின்னவள் பெரியவளிடம் புளிக்குழம்புக்குப் பக்குவமும் கேட்டிருந்தாள்.

இந்த எட்டுக்குப் பூபதி வந்து சேர்ந்தது கோர்ட்டு உத்தரவால்.

பூபதி கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவன். வைண்டிங் வேலையில் எண்ணிக்கைதான் எல்லாம். ஒரு சுற்றுக் குறைந்தால் மோட்டார் தண்ணீரை இழுக்காது, ஒரு சுற்று கூடினால் சூடேறிப் புகையும். சுற்றும்போது யாராவது கூப்பிட்டால் தலையைத் தூக்காமல் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவான், எண்ணிக்கொண்டிருக்கிறேன், பொறு என்று அர்த்தம். பட்டறையில் அது சரி. வேலை நெருக்கடியில் கம்பியை வீட்டுக்கும் கொண்டுவந்து சுற்றினான், அங்கேயும் விரலைத் தூக்கினான். மனைவி கோகிலவாணி ஏதோ சொல்ல வருவாள், விரல் எழும். பால் பொங்கியதைச் சொல்ல வந்தபோதும் விரல், மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்ல வந்தபோதும் விரல். அடிக்கவில்லை, குடிக்கவில்லை, வேறு வீடு வைக்கவில்லை. ஏழு வருஷம் ஒரு விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒருநாள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நீதிபதி, "என்ன கொடுமைம்மா செஞ்சார்?" என்று கேட்டதற்கு அவளும் பதில் சொல்லத் தெரியாமல் விரலைத் தூக்கிக் காட்டினாள். நீதிபதிக்குப் புரியவில்லை, பூபதிக்குப் புரிந்தது.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மாலை நாலு முதல் ஆறு வரை, பிள்ளைகளைத் தகப்பன் பார்க்கலாம் என்று உத்தரவானது. இரண்டு வருஷம் கோர்ட்டு வளாகத்தில் சக்கரம் உடைந்த பொம்மைக் கார்கள் கிடக்கிற ஓர் அறையில் பார்த்தான். பாதி மாதங்களில் சளி, காய்ச்சல், ஒறம்பரைச் சொந்தங்கள் வீட்டுக் கல்யாணம் என்று அதுவும் நடக்கவில்லை. அந்த அறைக்குச் சின்னவன் வரும்போதே அழுதான். பூங்கா திறந்ததும் பூபதி மனுப் போட்டு இடத்தை அங்கே மாற்றிக்கொண்டான்.

இடம் மாறிய பின் மாசியில் வந்த இரண்டாம் ஞாயிறன்று வாணி ஸ்கூட்டரில் பிள்ளைகளைக் கொண்டுவந்து கேட்டில் விட்டாள். முன்பெல்லாம் அவனை மாமா என்று கூப்பிடுவாள். இப்போது கூப்பிட அவளிடம் சொல் எதுவும் இல்லை, பெயர் சொல்லியோ ஒருநாளும் பழக்கமில்லை, ஆகவே எல்லாவற்றையும் பிள்ளைகளிடமே சொன்னாள்.

"மிருது, அப்பாகிட்டச் சொல்லு, தம்பிக்கு ஐஸு வாங்கிக் குடுக்க வேண்டாம்னு."

"சரின்னு அம்மாகிட்டச் சொல்லு கண்ணு" என்றான் பூபதி.

ஆறு வயது மிருதுளாவுக்குத் தகப்பனைத் தெரியும். மூன்றரை வயது முகிலனுக்குத் தெரியாது. அவன் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மாமா நம்மகூட வலுமா?" என்று கேட்டான். ர அவனுக்கு இன்னும் வரவில்லை. பூபதிக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. உட்காரவில்லை, "வர்றன் சாமி" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினான். ஊஞ்சல் பலகையில் உட்கார மாட்டேன், யானை வாய்க்குள் போக மாட்டேன் என்று எல்லாவற்றுக்கும் அக்காவுக்குப் பின்னால் ஒளிந்த பையன், சிவப்புக் கல்லைக் கண்டதும் மட்டும் தானாக ஓடினான். ஓடுகிறவன் விழுந்துவிடக் கூடாதே என்று பூபதி அவன் கையைப் பிடித்தான், இன்னொரு கையை மிருதுளா பிடித்துக்கொண்டாள்.

சுற்று என்று வந்துவிட்டால் அவன் மனம் தானாக எண்ணும். ஒன்று. இரண்டு. மூன்றாவது சுற்றில் பையன் கையை உதறப் பார்த்தான், நாலாவதில் இட்லியைத் துப்பினான், ஐந்தாவதில் பல் தேய்க்க மாட்டேன் என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டான். இட்லியும் கதவும் கண்ணுக்கு எதிரே தெரியவில்லை, தெரிந்ததெல்லாம் கல்லும் புல்லும்தான். போன வாரத்தை நினைத்தால் மனசில் எப்படி இருக்குமோ அப்படி அவை இருந்தன. ஒன்பதாவது சுற்றில் பையனுக்குச் சளி பிடித்தது, பன்னிரண்டில் சரியானது. பதினாலில் மிருதுளாவின் முன்பல் விழுந்தது, மூவருமாக அதைக் கூரை மேல் எறிந்தார்கள். பத்தொன்பதாவது சுற்றில் பூபதி செய்த உப்புமாவை இருவரும் சேர்ந்து கேலி செய்தார்கள். இருபத்து மூன்றில் பையன் தூக்கத்தில் புரண்டு வந்து அவன் வயிற்றின் மேல் காலைப் போட்டுக்கொண்டான். முப்பத்தோராவது சுற்று முடிந்து மூவரும் வெளியே வந்தபோது மணி ஐந்தரை. முகிலன் சட்டை வயிற்றுக்கு மேல் ஏறியிருந்தது, முடி கண்ணை மறைத்தது. "அப்பா, தூக்கு" என்றான்.

இரண்டு வருஷமாக அந்தச் சொல்லுக்காகப் பூபதி என்னென்னவோ பேரம் பேசியிருந்தான், தெய்வங்களோடும் வக்கீலோடும். தூக்கிக்கொண்டான். ராயப்பன் பார்த்துக்கொண்டிருந்தார் என்றுகூடக் கவலைப்படாமல் அழுதான்.

ஆறு மணிக்குக் கேட்டில் வாணி பிள்ளைகளை வாங்கிக்கொண்டாள். மகன் முடியை ஒதுக்கினாள், சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள், அது இறங்கவில்லை. மகள் வாயைப் பார்த்தாள்.

"பல்லு எங்க கண்ணு?"

"உழுந்துருச்சும்மா. பதினாலாவது நாளு. அப்பா ஊட்டுக் கூரைல போட்டுட்டோம்."

"எந்த ஊட்டுக் கூரைல?"

மிருதுளாவுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. வாணி கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவள். அவளுக்கு நடுவில் ஒரு மாதம் காணாமல் போயிருந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பூபதியின் மனம் குளிர்ந்தது. இதை மறைத்துச் சொல்வதில் பிரயோசனமில்லை, குளிர்ந்தது. ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் வளர்ந்து வந்து நிற்பதைப் பார்த்து அவன் வயிறு எரிந்த எரிச்சல் அவளுக்கும் ஒருநாள் எரியட்டுமே என்று இருந்தது.

அடுத்த இரண்டாம் ஞாயிறு நாற்பது சுற்று. அதற்கடுத்த இரண்டாம் ஞாயிறு முப்பத்தெட்டு. ஒவ்வொரு தடவையும் நாலு மணிக்கு வரும்போது பையன் அவனைப் பாதி மறந்திருந்தான், பாவாடைக்குப் பின்னால் போய் நின்றான்; ஐந்தாறு சுற்றில் பழகினான், பத்தில் அதிகாரம் பண்ணினான், முப்பதில் அவன் இல்லாமல் மூத்திரம் போக மாட்டேன் என்றான். மூன்று ஞாயிறுகளில் பூபதி நூற்று ஒன்பது நாள் தகப்பனாக வாழ்ந்தான். ஊரில் இதை யாரும் தப்பென்று சொல்லவில்லை. மாவுக்கட்டுக்காரர்கள் இடம் விட்டார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் பையன் கன்னத்தைக் கிள்ளினார்கள், முடிதிருத்துபவர், "பையனுக்கு மாசத்துக்கு ஒருக்கா பத்தாதுங்க, ரெண்டு தடவ வெட்டோணும் போல" என்று சிரித்தார்.

வாணி வக்கீலைப் போய்ப் பார்த்தாள். உத்தரவில் நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, சுற்றுக் கணக்கு இல்லையே அம்மா என்று அவர் கையை விரித்துவிட்டார்.

மூன்றாவது ஞாயிறன்று ஆறு மணிக்கு, பிள்ளைகளை ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டு, அவள் முதல் தடவையாக நேரே அவனிடம் வந்தாள்.

"இங்க பாருங்க" என்றாள். குரல் சண்டைக்கு வந்ததாக இல்லை. "நாலு மணி வரைக்கும் முகிலு லயிலுன்னுதான் சொல்லிட்டிருந்தான். இப்ப வெளிய வந்து ரயிலுங்கறான். அந்த மொத ர நான் கேக்கலைங்க. இந்த வாசல்லயேதான் உக்காந்திருக்கறன். எனக்குக் கேக்கலை."

"எனக்கு ரெண்டு வருசமா எதுதான் கேட்டுச்சு?" என்றான் பூபதி.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய் வண்டியைக் கிளப்பினாள். பேச்சில் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அவன் பேக்கரியில் நின்று இரண்டு தேங்காய் பன் வாங்கினான், அறைக்கு வந்து பிரித்தான், தின்ன முடியவில்லை. அவள் சொன்ன அந்த ர எந்தச் சுற்றில் வந்தது என்று யோசித்தான். இருபத்தாறில். மழை பெய்துகொண்டிருந்தது, பையன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாகவே சொன்னான், மூவரும் கை தட்டினார்கள். அது அவனுக்குத் தெளிவாக ஞாபகம் இருந்தது. அவளுக்கு அது ஒருநாளும் ஞாபகம் இருக்கப்போவதில்லை. நடந்த அன்று அவள் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பது அடி தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

சித்திரைக் கடைசியில் பூங்காவை ஆய்வு செய்ய ஓர் அதிகாரி வந்தார். எட்டைச் சுற்றி வந்தார், மாவுக்கட்டுக் குவியலைப் பார்த்தார், ராயப்பனின் கணக்கைக் கேட்டார், பலகையைப் படித்தார், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். நாள் கழிவதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பாதை வரைபடப்படி இல்லை என்று மட்டும் எழுதினார். பெயர்த்து எடுத்துத் தெற்கு வடக்காகப் போட வேண்டும், வேலை வருகிற திங்கட்கிழமை ஆரம்பம் என்று கேட்டில் தாள் ஒட்டினார்கள். திங்கட்கிழமைக்கு முந்தின நாள் இரண்டாம் ஞாயிறாக இருந்தது.

அன்றைக்கு ஊரில் அவசரப்பட்டவர்கள் அத்தனை பேரும் எட்டில்தான் இருந்தார்கள். பரீட்சை முடிவு வருகிற வரை பொறுக்க முடியாத பிள்ளைகள், தேதி குறித்த கல்யாணத்துக்கு இன்னும் கூந்தல் எட்டாத பெண்கள், அம்மை இறங்க வேண்டிய வீட்டார், சபதம் எடுத்துத் தாடி விட்டவர்கள், எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு மேற்கே போய்க் கிழக்கே திரும்பினார்கள். பூபதி மத்தியானமே வந்து பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டான். கூட்டத்திலும் விடாமல் நடந்தால், ஊஞ்சல், சுண்டல் எதற்கும் நிற்காமல் நடந்தால், பையனைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு நடந்தால், இரண்டு மணி நேரத்தில் தொண்ணூறு சுற்று. மூன்று மாதம். மூன்று மாதம் கூடவே இருந்துவிட்டால் பையன் அதற்கப்புறம் லேசில் மறக்க மாட்டான். இனி எட்டு இல்லை. மாதம் இரண்டு மணி நேரம்தான். அதில் பழகுவதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். யாரோ ஒரு மாமா வந்து சுண்டல் வாங்கித் தருகிறார் என்று இருந்துவிட்டுப் போவான். அந்தத் தொண்ணூறு அவனுக்குக் கட்டாயம் வேண்டியிருந்தது.

நாலு மணிக்கு வாணி பிள்ளைகளை விட்டாள். முகிலன் ஒரு நிமிஷம் வெட்கப்பட்டு நின்றுவிட்டு, சிவப்புக் கல்லைப் பார்த்ததும், "எட்டு, எட்டு" என்று பூபதியின் விரலைப் பிடித்து இழுத்தான். மிருதுளா மட்டும் நகரவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"வா கண்ணு, நேரமாகுது."

தலையை ஆட்டினாள்.

"ஏஞ் சாமி? வயிறு வலிக்குதா?"

மறுபடியும் தலையை ஆட்டினாள். அவன் குனிந்து கையை விலக்கப் பார்த்தான், அவள் இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டு விரல்களுக்கு உள்ளேயிருந்தே பேசினாள்.

"பல்லு ஆடுதுப்பா. எட்டுல வந்தா உழுந்துரும்."

"உழுந்தா உழுவட்டும். கூரைல போட்டுக்கலாம்."

"இது அம்மாவுக்கு" என்றாள் மிருதுளா. "போன பல்ல அம்மா பாக்கவே இல்ல. அன்னிக்கு ஊட்டுக்குப் போயி என்ற வாயத் தொறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. ஓட்டையத்தான் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. நீயி தம்பியக் கூட்டிட்டுப் போ. நான் இங்கயே நிக்கறன்."

பூபதி அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான். கல்யாணக் கூந்தலும் தாடியுமாகக் கூட்டம் அவனைச் சுற்றிக்கொண்டு போனது. பையன் விரலை இழுத்துக்கொண்டே இருந்தான். இரண்டு பேரையும் தூக்கிப் போட்டுக்கொண்டு நடந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தான், நினைத்ததற்கு வெட்கப்பட்டான். வாணி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது அவன் கண் முன்னால் வந்து நின்றது. அவனுக்கு அந்த ஓட்டையைத் தெரியும். இரண்டு வருஷம் அவன் பார்த்ததெல்லாம் அந்த மாதிரி ஓட்டைகளைத்தான். பையன் எப்போது நடக்கக் கற்றான், யார் சொல்லிக் கொடுத்து மகள் எழுத்துக் கூட்டினாள், எங்கே விழுந்து அவன் நெற்றியில் ஒரு தழும்பு வந்தது என்று, எல்லாம் நடந்து முடிந்து ஆறிய பிறகே அவன் கைக்கு வந்தன. அதை ஒருத்திக்கு அவன் வேண்டுமென்றே செய்திருந்தான், மூன்று தடவை, எண்ணி எண்ணி.

"இன்னைக்கு எட்டு வேண்டாம்" என்றான். "ஊஞ்சலுக்குப் போலாம்."

முகிலன் ரப்பர் தரையில் விழுந்து புரண்டு அழுதான். இருபது நிமிஷம் அழுதான். எட்டுக்குள் என்றால் இந்த அழுகையெல்லாம் ஒரு சுற்றுக்குள் முடிந்து அடுத்த நாள் விடிந்திருக்கும். வெளியே அது இருபது நிமிஷம் முழுசாக இருந்தது. ஊஞ்சலுக்கு வரிசையில் நின்றதில் பதினைந்து நிமிஷம். யானை வாயில் ஏறி உள்ளேயே உட்கார்ந்துகொண்ட பையனைக் கெஞ்சி இறக்கியதில் பத்து நிமிஷம். மூத்திரத்துக்கு இடம் தேடியதில் கொஞ்சம். மிருதுளா வாயைப் பொத்தின கையை எடுக்காமல் ஒரு கையாலேயே ஊஞ்சலைப் பிடித்து ஆடினாள், சுண்டலையும் வேண்டாமென்றாள். பூபதி பின்னால் நின்று தள்ளிவிட்டான். தள்ளும்போது எண்ண வந்தது, எண்ணாமல் இருக்கப் பார்த்தான். இரண்டு மணி நேரம் இவ்வளவுதானா என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ராயப்பனின் ஆறு மணி விசில் கேட்டது.

கேட்டில் வாணி மகனின் சட்டையைப் பார்த்தாள், அது இறங்கியே இருந்தது. முடியைப் பார்த்தாள். மகள் ஓடிப்போய்க் கையை எடுத்து வாயைத் திறந்து காட்டினாள். கீழ்வரிசையில் ஒரு பல், நூல் கனத்தில் தொங்கிக்கொண்டு, இருந்தது.

"ஊட்டுக்குப் போற வரைக்கும் ஆட்டாத, என்ன?" என்றாள் வாணி. பிள்ளைகளின் தலைக்கு மேலே அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்ல வேண்டியதைத் தேடினாளா, கூப்பிட வேண்டியதைத் தேடினாளா என்று தெரியவில்லை, இரண்டும் அகப்படாமல், "தம்பி, அப்பாவுக்கு டாட்டா சொல்லு" என்றாள். முகிலன் பலூன்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாட்டாவைப் பலூனுக்குச் சொன்னான். வண்டி முக்குத் திரும்பிப் போய்விட்டது.

செய்தது சரிதான் என்று பூபதிக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால் மனசில் எதுவும் குறையவில்லை. வீட்டுக்குப் போகிற பஸ் இரண்டு வந்து போயின. அடுத்த மாதக் காலண்டரை மனசுக்குள் புரட்டினான். இது ஐந்து ஞாயிறு விழுகிற மாதம், அடுத்த இரண்டாம் ஞாயிறுக்கு முப்பத்தைந்து நாள் இருந்தது. முப்பத்தைந்து காலை, முப்பத்தைந்து பட்டறை, முப்பத்தைந்து தடவை அந்த அறையின் பூட்டு. திரும்பி உள்ளே போனான்.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பூபதி கல்லில் காலை வைத்து மேற்கே பார்த்து நடக்கத் தொடங்கினான். உடம்புக்குத்தான் கழியும், காலண்டருக்குக் கழியாது என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் நடந்தான். முதல் நாளில் யாரும் இல்லை. இரண்டாம் நாளில் யாரும் இல்லை. மூன்றாம் நாளில் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு பார்த்தான், அதிலும் யாரும் இல்லை. ஏழாம் நாள் முகவாய் அரித்தது, பதினைந்தாம் நாள் நகம் உள்ளங்கையில் குத்தியது, இருபதாம் நாள் காதுக்கு மேல் முடி விழுந்தது, இருபத்தெட்டாம் நாள், வழக்கமான மாதமாக இருந்தால் இன்றைக்கு வந்திருப்பார்கள் என்று நினைத்தான், இன்னும் ஏழு நாள் நடந்தான். முப்பத்தைந்தாவது சுற்று முடிந்து இறங்கும்போது தாடி முகம் நிறைய இருந்தது. அவனையறியாமல் கண் கேட்டுப் பக்கம் போனது. அங்கே கரும்பு ஜூஸ்காரர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கேட்டைச் சாத்தோணுங்ணா" என்றார் ராயப்பன்.

"இன்னைக்கு என்ன கெழமைங்க?"

ராயப்பன் அவன் தாடியைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழமைதானுங்ணா" என்றார், மெதுவாக.

பூபதி பஸ் பிடித்து இறங்கி, வழக்கமான பேக்கரிக்குப் போனான். கல்லாவில் இருந்தவர் மத்தியானம் மழுமழுவென்று சவரம் செய்த முகத்தோடு அவன் டீ குடித்துவிட்டுப் போனதைப் பார்த்தவர். ஏற இறங்கப் பார்த்தார், புரிந்துகொண்டார், சிரித்தார்.

"எட்டுக்குப் போயிட்டு வர்றீங்களாக்கும். கடேசி நாளுன்னு சொன்னாங்க. புள்ளைங்களோடயுங்களா?"

"ஆமாங்க."

"எத்தன நாளு இருந்தாங்க?"

"முப்பத்தஞ்சு நாளு."

"அடேயப்பா. ஆசை தீர இருந்திருப்பீங்க."

பூபதி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தான்.

"எங்கீங்க" என்றான். "பையன் ஒரு நாளாச்சும் தூங்க உட்டாத்தானுங்க."